மின்தேக்கி எப்படி வேலை செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ இயற்பியல் மாணவர்கள், மின்னணுவியலைப் புதிதாகக் கற்பவர்கள், வீட்டுச் சாதனங்களைத் தாமே பழுது பார்க்க முயல்பவர்கள் ஆகியோர் மின்தேக்கியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே இருக்கின்றன. அவற்றில் கெப்பாசிட்டர், கண்டன்சர் என்று வருவதும் மின்தேக்கிதான். இந்த ஐயங்களில் பலவும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. மின்தேக்கியின் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் நொடிப்பொழுதில் தாவி மாறாது. அது மாறிக்கொண்டிருக்கும் வரையில்தான் மின்னோட்டமும் இருக்கும். இந்த ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டால், கீழே உள்ள கேள்விகளில் பாதிக்குச் சூத்திரம் இல்லாமலேயே விடை கண்டுவிடலாம்.

கெப்பாசிட்டருக்கு உள்ளே என்னதான் இருக்கிறது?

இரண்டு கடத்திகளும் அவற்றுக்கு நடுவே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பொருளும் இருந்தால் அது மின்தேக்கி. 1745இல் ஜெர்மனியில் ஃபான் கிளைஸ்ட் என்பவரும், 1746இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் முஷன்ப்ரூக் என்பவரும் தனித்தனியே கண்டறிந்த முதல் மின்தேக்கி, நீர் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குடுவைதான். உள்ளிருந்த நீர் ஒரு கடத்தி, குடுவையைப் பிடித்திருந்த கை மற்றொரு கடத்தி, கண்ணாடி நடுவிலுள்ள காப்பு. லைடன் குடுவை என்ற பெயர் அந்த நகரத்திலிருந்து வந்தது.

இன்று கடையில் கிடைப்பவற்றில் மூன்று வகைகளை அறிந்தால் போதும். பிலிம் வகையில், அலுமினியமோ துத்தநாகமோ மெல்லியதாகப் படிய வைத்த பிளாஸ்டிக் தாள் சுருட்டப்பட்டிருக்கும். செராமிக் வகையில், பீங்கான் போன்ற பொருளும் உலோகமும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். எலக்ட்ரோலைட்டிக் வகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதன் காப்புப் பொருள் அலுமினியத் தகட்டின் மேல் வேதிவினையால் வளர்க்கப்பட்ட அலுமினியம் ஆக்சைடு படலம். அதன் தடிமன் வோல்ட்டுக்கு ஒரு நானோமீட்டரைச் சற்றே தாண்டும் அளவுதான். இரண்டாவது கடத்தியாக வேலை செய்வது, உள்ளே இருக்கும் இன்னொரு தகடு அன்று, காகிதத்தில் ஊறியிருக்கும் மின்பகுளி, அதாவது மின்சாரத்தைக் கடத்தும் திரவம். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

நடுவில் இன்சுலேட்டர் இருக்கும்போது கரண்ட் எப்படி அந்தப் பக்கம் போகும்?

போவதில்லை. ஒரு தகட்டில் எலக்ட்ரான்கள் வந்து சேரும்போது, அவற்றின் மின்புலம் எதிர்த் தகட்டிலிருந்து அதே எண்ணிக்கையிலான எலக்ட்ரான்களை வெளியே தள்ளிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கம்பியில் எவ்வளவு மின்னோட்டம் நுழைகிறதோ அவ்வளவே மறு கம்பியில் வெளியேறுகிறது. ஆகவே அம்மீட்டருக்கு அது மின்தேக்கியின் ஊடே சென்றதாகவே தோன்றும். தகடுகளுக்கு இடையே மாறிக்கொண்டிருக்கும் மின்புலத்தையும் ஒருவகை மின்னோட்டமாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 1860களில் மேக்ஸ்வெல் காட்டினார். அதைத்தான் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று பாடநூல்கள் சொல்கின்றன.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகிறது. ஒரு தகட்டில் மிகுதியாக இருப்பது மறு தகட்டில் அதே அளவு குறைவாக இருப்பதால், மின்தேக்கியை மொத்தமாகப் பார்த்தால் அதன் நிகர மின்னூட்டம் சுழிதான். மின்தேக்கி செய்வது மின்னூட்டத்தைப் பிரித்து வைப்பதும், அப்படிப் பிரித்ததற்கான ஆற்றலை மின்புலத்தில் சேமிப்பதும்.

ஒரு ஃபாரட் என்பது எவ்வளவு? ஏன் எல்லாமே மைக்ரோவாக இருக்கிறது?

ஒரு வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு கூலும் மின்னூட்டத்தைப் பிரித்து வைக்க முடிந்தால் அதன் மின்தேக்குத்திறன் ஒரு ஃபாரட். இங்கே தண்ணீர்த் தொட்டி உவமை ஒன்று உதவும். தொட்டியின் அடிப்பரப்பு மின்தேக்குத்திறன், நீர்மட்டம் மின்னழுத்தம், ஊற்றிய நீர் மின்னூட்டம். அகன்ற தொட்டியில் எவ்வளவு ஊற்றினாலும் மட்டம் மெதுவாகத்தான் ஏறும். ஒரு தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது அடிப்பரப்பை மட்டுமல்லாமல் சுவரின் உயரத்தையும் பொறுத்தது. மின்தேக்கியில் அந்த உயரம்தான் அதன் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு.

மின்தேக்குத்திறன் தகட்டின் பரப்புக்கு நேர்விகிதத்திலும், இடைவெளிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். நடுவிலுள்ள பொருளின் ஒப்புமை விடுதிறன் (வெற்றிடம் இருக்கும்போது கிடைப்பதை அந்தப் பொருள் எத்தனை மடங்காக்கும் என்ற எண்) அதைப் பெருக்கும். ஒரு மில்லிமீட்டர் காற்றிடைவெளியில் ஒரு ஃபாரட் வேண்டுமென்றால் ஏறத்தாழ 113 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தகடுகள் வேண்டும். அதனால்தான் நடைமுறையில் மைக்ரோஃபாரட், நானோஃபாரட், பிக்கோஃபாரட் என்று பேசுகிறோம். எலக்ட்ரோலைட்டிக் வகை சிறிய உடலில் பெரிய மதிப்பைத் தருவதற்குக் காரணம், மேலே சொன்ன படலத்தின் நம்ப முடியாத மெல்லிய தன்மையும், தகட்டின் மேற்பரப்பை அமிலத்தால் அரித்துப் பலமடங்கு பெருக்கியிருப்பதும்தான்.

முழுதாகச் சார்ஜ் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கும்?

மின்தேக்கியை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனுடன் தொடரில் இருக்கும் மின்தடையும் தெரிய வேண்டும். ஓமில் உள்ள மின்தடையை ஃபாரட்டில் உள்ள மின்தேக்குத்திறனால் பெருக்கினால் நொடிகளில் வருவது கால மாறிலி. அவ்வளவு நேரத்தில் மின்தேக்கி இறுதி மின்னழுத்தத்தின் 63.2 விழுக்காட்டை எட்டும். அடுத்த ஒவ்வொரு கால மாறிலியிலும், மீதமிருப்பதில் 63.2 விழுக்காடு நிரம்பும். கணக்கின்படி அது என்றுமே முழுதாக நிரம்பாது என்றாலும், ஐந்து கால மாறிலிகளில் 99.3 விழுக்காடு ஆகிவிடுவதால் அதையே முழுமை என்று கொள்வது வழக்கம்.

இதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள். 9 வோல்ட் மின்கலம், 10 கிலோஓம் மின்தடை, 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் ஆகியவற்றைத் தொடரில் இணைத்து, மின்தேக்கியின் குறுக்கே மல்டிமீட்டரை வைத்தால் போதும். கால மாறிலி 10 நொடி. பத்தாவது நொடியில் மீட்டர் ஏறத்தாழ 5.7 வோல்ட்டும், இருபதில் 7.8உம், முப்பதில் 8.55உம், ஐம்பதில் 8.94உம் காட்ட வேண்டும். முதலில் எண்கள் விரைந்து ஓடுவதும் பிறகு தயங்கித் தயங்கி நகர்வதும் நன்றாகத் தெரியும். மின்தேக்கியின் மின்னழுத்தம் ஏற ஏற, மின்தடையின் குறுக்கே எஞ்சும் மின்னழுத்தம் குறைகிறது. அதனால் மின்னோட்டமும் குறைகிறது. அதனால் ஏறும் வேகமும் குறைகிறது. அடுக்குக்குறி வளைகோட்டின் பொருள் முழுவதும் இந்த மூன்று வரிகளில் இருக்கிறது. உங்கள் எண்கள் இதிலிருந்து சற்று விலகினால் கவலைப்பட வேண்டாம். எலக்ட்ரோலைட்டிக் வகையின் மதிப்பு அச்சிட்டதிலிருந்து 20 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருப்பது இயல்பு.

டிசியைத் தடுக்கும், ஏசியை விடும் என்கிறார்கள். அப்படியானால் டிசியில் கரண்டே போகாதா?

அந்த வாக்கியம் மின்னேற்றம் முடிந்த பிறகுதான் உண்மை. ஸ்விட்சைப் போட்ட முதல் கணத்தில் மின்தேக்கியின் மின்னழுத்தம் சுழியிலிருந்து தாவ முடியாது என்பதால், அது வெறும் கம்பியைப் போலவே நடந்துகொள்ளும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது சுற்றில் உள்ள மின்தடை மட்டுமே. நேரம் கழிந்து மின்னழுத்தம் நிலைத்ததும் மின்னோட்டம் நின்று, அது திறந்த சுற்றாகிவிடும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிளக்கில் செருகும்போது சில சமயம் சட்டென்று ஒரு பொறி தெறிப்பது, உள்ளே காலியாக இருந்த பெரிய மின்தேக்கி அந்தக் கணத்தில் மின்னோட்டத்தை வாரி இழுப்பதால்தான்.

ஏசி எனப்படும் மாறுதிசை மின்சாரத்தில் மின்னழுத்தம் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால் மின்னோட்டமும் ஓயாமல் இருக்கும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னோட்டம். இதையே மின்மறுப்பு என்ற அளவால் குறிக்கிறோம். ஒன்றை, இரண்டு பை, அதிர்வெண், மின்தேக்குத்திறன் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் அது ஓமில் கிடைக்கும். 2.5 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 50 ஹெர்ட்ஸில் சுமார் 1270 ஓம் மறுப்பைக் காட்டும். அதே மின்தேக்கி 1000 ஹெர்ட்ஸில் 64 ஓம் அளவே காட்டும்.

ரெசிஸ்டருக்குத் தொடரில் கூட்டினோம், இதற்கு மட்டும் ஏன் தலைகீழ்?

பக்க இணைப்பில் தகடுகளின் பரப்புகள் சேர்ந்துகொள்கின்றன, அதனால் மதிப்புகள் கூடுகின்றன. தொடரிணைப்பில் காப்பு இடைவெளிகள் சேர்ந்துகொள்கின்றன, அதனால் மொத்த மதிப்பு குறைகிறது. இரண்டு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் பக்க இணைப்பில் 20, தொடரில் 5.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தொடரில் எல்லா மின்தேக்கிகளிலும் ஒரே அளவு மின்னூட்டம்தான் இருக்க முடியும். ஆகையால் சிறிய மின்தேக்கிதான் பெரிய மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும். 10 மைக்ரோஃபாரட்டையும் 1 மைக்ரோஃபாரட்டையும் தொடரில் வைத்து 110 வோல்ட் கொடுத்தால், முதலாவதில் 10 வோல்ட்டும் இரண்டாவதில் 100 வோல்ட்டும் நிற்கும். நேர்திசையில் (டிசி) நீண்ட நேரம் விட்டால் இந்தப் பங்கீடும் நிலைக்காது. ஒவ்வொன்றின் கசிவு மின்னோட்டமே பங்கீட்டை முடிவு செய்யும். உயர் மின்னழுத்தத்துக்காகத் தொடரில் வைத்த எலக்ட்ரோலைட்டிக்குகள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் சமமான மின்தடை ஒன்றைப் பொருத்துவது அதனால்தான்.

சர்க்யூட் 12 வோல்ட் தானே, 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதாதா?

உண்மையிலேயே நிலையான 12 வோல்ட் நேர்திசை என்றால் போதும். ஆனால் இதைக் கேட்பவர்களில் பலர் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரையும் மாறுதிசையை நேர்திசையாக்கும், நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜையும் மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். மாறுதிசையில் 12 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு, அதாவது அதே அளவு வெப்பத்தைத் தரும் நேர்திசை மின்னழுத்தத்துக்குச் சமமான மதிப்பு. உச்ச மதிப்பு அதன் 1.414 மடங்கு, அதாவது சுமார் 17 வோல்ட். இரண்டு டையோடுகளில் 1.4 வோல்ட் போனாலும் 15.6 வோல்ட் எஞ்சும். சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் அச்சிட்டதைவிடக் கூடுதலாகத் தரும். வீட்டு மின்சாரமும் 230இல் நிற்காமல் சில நேரம் 240ஐத் தாண்டும். 16 வோல்ட் மின்தேக்கி அங்கே எல்லையைக் கடந்துவிடும். 25 வோல்ட் வாங்குங்கள். விலை வேறுபாடு மிகச் சிறியது. கூடுதல் வோல்ட் அளவால் சுற்றுக்குத் தீங்கு இல்லை, உருவம் சற்றுப் பெரிதாகும், அவ்வளவே.

செராமிக்கில் 104 என்று மட்டும் போட்டிருக்கிறது, எப்படிப் படிப்பது?

முதல் இரண்டு இலக்கங்களுக்குப் பின் மூன்றாவது இலக்கம் சொல்லும் எண்ணிக்கையில் சுழிகளைச் சேர்த்தால் பிக்கோஃபாரட்டில் மதிப்பு கிடைக்கும். 104 என்றால் 1,00,000 பிக்கோஃபாரட், அதாவது 100 நானோஃபாரட் அல்லது 0.1 மைக்ரோஃபாரட். 103 என்றால் 10 நானோஃபாரட். எண்ணுக்குப் பின் வரும் ஆங்கில எழுத்து பிழை வரம்பு: ஜே என்றால் 5, கே என்றால் 10, எம் என்றால் 20 விழுக்காடு.

எலக்ட்ரோலைட்டிக்கை மாற்றிப் போட்டால் ஏன் வெடிக்கிறது?

முதல் பதிலில் சொன்ன ஆக்சைடு படலம் ஒரு திசை மின்னழுத்தத்தில் மட்டுமே காப்பாக நிற்கும். முனைகளை மாற்றினால் படலம் சிதைந்து, மின்னோட்டம் கட்டுப்பாடின்றிப் பாய்கிறது. மின்பகுளி சூடாகி ஆவியாகிறது, ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகிறது. மூடிய அலுமினியக் குப்பிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், தலையில் கீறியிருக்கும் சிலுவைக் கோடு வழியே பிளந்துகொள்கிறது. முழுக் குப்பியும் சிதறாமல் மேல்பக்கம் மட்டும் திறக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கீறல் வைக்கப்பட்டிருக்கிறது. எனவே முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது சுற்றுக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

அலுமினிய எலக்ட்ரோலைட்டிக்கின் உடலில் உள்ள பட்டை எதிர்முனையைக் காட்டும். சிறிய பெட்டி வடிவ டான்டலம் மின்தேக்கியில் உள்ள பட்டையோ நேர்முனையைக் காட்டும். இந்த முரண்பாடு பல சுற்றுகளைப் பாழாக்கியிருக்கிறது. டான்டலம் தவறாகப் பொருத்தப்பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

சீலிங் ஃபேனில் கண்டன்சர் எதற்கு? அது போனால் ஏன் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது?

ஒற்றைக் கட்ட மின்சாரம் ஒரு சுருளில் பாய்ந்தால் அதன் காந்தப்புலம் இருந்த இடத்திலேயே கூடிக் குறையும், ஆனால் சுழலாது. சுழலாத புலத்தால் நின்றிருக்கும் மோட்டாரைத் தொடங்கி வைக்க முடியாது. அதனால் ஃபேனில் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. இரண்டாவது சுருளுடன் தொடரில் மின்தேக்கி இருக்கும். மின்தேக்கியில் மின்னோட்டம் மின்னழுத்தம் மாறும் வேகத்தைப் பின்பற்றுகிறது. மின்னழுத்தம் சுழியைக் கடக்கும்போதுதான் அது மிக வேகமாக மாறுகிறது, ஆகவே மின்னோட்டத்தின் உச்சம் மின்னழுத்தத்தின் உச்சத்துக்குக் கால் சுற்று முன்னதாகவே வந்துவிடுகிறது. இதனால் இரு சுருள்களின் மின்னோட்டங்களும் வெவ்வேறு நேரத்தில் உச்சத்தை எட்ட, இரண்டும் சேர்ந்து சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. மின்தேக்கி முற்றிலும் பழுதான ஃபேன் உறுமிக்கொண்டு நிற்பதும், கையால் தள்ளிவிட்டால் தள்ளிய திசையிலேயே தளர்வாகச் சுற்றத் தொடங்குவதும் இந்த விளக்கத்துக்கு நேரடிச் சான்று.

மெதுவாகச் சுற்றுவது பாதி பழுதுக்கு அடையாளம். ஃபேன் மின்தேக்கிகள் உலோகம் படிய வைத்த பிலிம் வகையைச் சேர்ந்தவை. பிலிமில் எங்காவது பலவீனமான புள்ளியில் காப்பு உடைந்தால், அங்கே தோன்றும் நுண்பொறி சுற்றியுள்ள உலோகப் படிவை ஆவியாக்கி அந்த இடத்தைத் துண்டித்துவிடும். மின்தேக்கி தப்பிப் பிழைக்கும். மிக அழகான தற்காப்பு இது. ஆனால் ஒவ்வொரு முறையும் சிறிது பரப்பு கழிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல 2.5 மைக்ரோஃபாரட் 2க்கும் கீழே இறங்கும்போது இரண்டாவது சுருளின் மின்னோட்டம் குறைந்து, சுழலும் புலமும் வலுவிழக்கிறது. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் மதிப்புள்ளதையே, மாறுதிசை 440 வோல்ட் என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். சுருளும் மின்தேக்கியும் தொடரில் இருக்கையில் அவற்றின் மின்னழுத்தங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதால், மின்தேக்கியின் குறுக்கே மட்டும் 230ஐவிடக் கூடுதலான மின்னழுத்தம் இருக்கும். நேர்திசை 400 வோல்ட் மின்தேக்கி இதற்கு மாற்று ஆகாது.

அப்படியென்றால் 4 மைக்ரோ போட்டால் ஃபேன் இன்னும் வேகமாக ஓடுமா?

சற்று ஓடலாம், ஆனால் இரண்டாவது சுருளில் அதற்கு வடிவமைக்கப்பட்டதைவிடக் கூடுதல் மின்னோட்டம் பாயும். சுருள் சூடாகி, எனாமல் காப்பு கருகும். வேகத்தைக் கூட்டப்போய் வைண்டிங்குக்குச் செலவு செய்யும் நிலை வரும்.

பழைய ஃபேன் ரெகுலேட்டர் சூடானது, புதியது சூடாவதில்லையே?

பழைய பெட்டி ரெகுலேட்டர் மின்தடையால் மின்னழுத்தத்தைக் குறைத்தது. குறைத்த பங்கு முழுவதும் வெப்பமாகப் போனது. படிப்படியாக மாறும் புதிய வகையில் மின்தேக்கிகள் தொடரில் இருக்கின்றன. மின்தேக்கி ஒரு கால் சுற்றில் எடுத்த ஆற்றலை அடுத்த கால் சுற்றில் திருப்பிக் கொடுத்துவிடுவதால், சராசரியாக அது ஏறத்தாழ எதையும் செலவழிப்பதில்லை.

பவர் சப்ளையில் எத்தனை மைக்ரோ போட வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தினால், அதாவது இரு திசை அரை அலைகளையும் ஒரே திசைக்கு மாற்றினால், நொடிக்கு 100 முறை உச்சம் வரும். இரண்டு உச்சங்களுக்கு இடையே 10 மில்லிநொடி. அந்த இடைவெளியில் சுமைக்குத் தேவையான மின்னோட்டத்தை மின்தேக்கிதான் தர வேண்டும், தரும்போது அதன் மின்னழுத்தம் சரியும். சரிவு, மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி மின்தேக்குத்திறனால் வகுத்தால் வருவது. அரை ஆம்பியர் சுமைக்கு 1000 மைக்ரோஃபாரட் என்றால் சரிவு 5 வோல்ட். 4700 மைக்ரோஃபாரட் என்றால் ஒரு வோல்ட்டை ஒட்டி. உண்மையான சரிவு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், ஏனெனில் மின்தேக்கி 10 மில்லிநொடியும் தனியே தாங்குவதில்லை.

மிகப் பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று அடுத்து கேட்பார்கள். சரிவு குறையக் குறைய, மின்தேக்கியை மீண்டும் நிரப்பக் கிடைக்கும் நேரமும் குறுகுகிறது. அதே மின்னூட்டம் குறுகிய நேரத்தில் வர வேண்டுமானால் மின்னோட்டம் ஊசி முனை போல உயர்ந்தெழும். டையோடுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் கூடுதலாகச் சூடாகும். ஒன்றிரண்டு வோல்ட் சரிவை ஏற்றுக்கொண்டு, மீதியை மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐசியிடம் விடுவதே சரியான வழி.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். சேமித்த ஆற்றல், மின்தேக்குத்திறனில் பாதியை மின்னழுத்தத்தின் இருபடியால் பெருக்கினால் வருவது. 230 வோல்ட்டை நேரடியாகத் திருத்தும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) சாதனத்தில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 325 வோல்ட்டில் கிட்டத்தட்ட 25 ஜூல் ஆற்றலை வைத்திருக்கும். அது உயிருக்கே ஆபத்தான அளவு. ஃபேன் மின்தேக்கியில் இருப்பது அதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் ஏணியின் மேல் நிற்பவர் கையை உதறிக் கீழே விழ அது போதும்.

ஸ்க்ரூடிரைவரால் முனைகளைத் தொட்டுப் பொறி பறக்க வைப்பது கெட்ட பழக்கம். உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கலாம், மின்தேக்கியும் பழுதாகும். 10 கிலோஓம், 10 வாட் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளுடன் எடுத்து முனைகளில் வையுங்கள். மேற்சொன்ன மின்தேக்கிக்குக் கால மாறிலி 4.7 நொடி; ஐந்து மடங்கு என்றால் 24 நொடி. பிறகு மீட்டரால் சோதியுங்கள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் சில வோல்ட் ஏறியிருந்தால் வியப்படைய வேண்டாம்: காப்புப் பொருளுக்குள் மெதுவாகத் திரும்பிய மூலக்கூறுகள் மெதுவாகவே பழைய நிலைக்கு வருகின்றன, அவை மின்னழுத்தத்தில் ஒரு பகுதியை மீட்டெடுக்கின்றன. அதனால் வேலை முடியும் வரை மின்தடையை அங்கேயே விட்டுவைப்பது நல்லது.

பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்துவிட முடியாதா?

2.7 வோல்ட், 10 ஃபாரட் சூப்பர் மின்தேக்கி முழுதாக நிரம்பினால் 36 ஜூல் வைத்திருக்கும். சுவர்க் கடிகாரத்தில் போடும் சாதாரண அல்கலைன் மின்கலம் ஒன்றில் 10,000 ஜூல் அளவுக்கு இருக்கும். மேலும் மின்கலத்தின் மின்னழுத்தம் நெடுநேரம் ஏறத்தாழ நிலையாக நிற்கும். மின்தேக்கியினுடையதோ எடுக்க எடுக்க இறங்கிக்கொண்டே வரும். குறுகிய நேரத்தில் பெரிய மின்னோட்டம் வேண்டிய இடங்களில் மின்தேக்கி வெல்லும். மணிக்கணக்கில் ஓட வேண்டிய இடங்களில் மின்கலம்தான்.

பேட்டரி கொடுத்த எனர்ஜியில் பாதி காணாமல் போகிறதே, எங்கே போனது?

நிலையான மின்னழுத்தத்தில் மின்கலம் கொடுக்கும் ஆற்றல், மின்னூட்டம் பெருக்கல் மின்னழுத்தம். மின்தேக்கியில் சேர்வது அதில் சரிபாதி. மறுபாதி மின்தடையில் வெப்பமாகிறது. மின்தடையைக் குறைத்தால் இழப்பு குறையும் என்று தோன்றும், ஆனால் குறையாது: மின்தடை பெரிதானால் சிறிய மின்னோட்டம் நெடுநேரம், சிறிதானால் பெரிய மின்னோட்டம் சிறிது நேரம், கூட்டிப் பார்த்தால் வெப்பம் ஒன்றே.

இதன் இன்னொரு வடிவம் தேர்வுகளில் வருகிறது. 10 வோல்ட்டுக்கு ஏற்றிய 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 5 மில்லிஜூல் இருக்கும். அதே அளவுள்ள காலியான ஒன்றுடன் இணைத்தால் இரண்டும் 5 வோல்ட்டில் நிற்கும். மின்னூட்டம் அப்படியே இருக்கிறது, ஆற்றல் மட்டும் 2.5 மில்லிஜூல் ஆகிவிடுகிறது. போன பாதி கம்பியின் மின்தடையிலும், இணைக்கும்போது தெறித்த பொறியிலும், சிறிது மின்காந்த அலையாகவும் போனது. இந்த இழப்பைத் தவிர்க்கவே முடியாது என்று எண்ண வேண்டாம். நடுவில் மின்தூண்டி (கம்பிச் சுருள்) ஒன்றை வைத்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தினாலும், மூலத்தின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தினாலும் இழப்பு வெகுவாகக் குறையும்.

மீட்டரில் 10 மைக்ரோ சரியாகக் காட்டுகிறது, சர்க்யூட்டில் மட்டும் ஏன் சொதப்புகிறது?

இதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. எலக்ட்ரோலைட்டிக் என்றால், மின்பகுளி உலரும்போது உள்மின்தடை உயர்கிறது. சாதாரண மீட்டர் அதைக் கண்டுகொள்ளாது. இந்த வகையின் ஆயுள் வெப்பத்தைப் பொறுத்தது. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று அச்சிட்ட ஒன்றை 10 டிகிரி குறைவாக ஓட்டினால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது நடைமுறைக் கணக்கு. வெப்பத் தகட்டை ஒட்டிப் பொருத்தியவை முதலில் போவது இதனால்தான்.

செராமிக் என்றால் காரணம் வேறு. எக்ஸ்7ஆர், எக்ஸ்5ஆர் வகைகளின் காப்புப் பொருள் பேரியம் டைட்டனேட். அதன் விடுதிறன் ஆயிரக்கணக்கில் இருப்பதால் சிறிய உடலில் பெரிய மதிப்பு கிடைக்கிறது; ஆனால் நேர்திசை மின்னழுத்தம் ஏறினால் அந்த விடுதிறன் சரிகிறது. மிகச் சிறிய உடலில் வரும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, அச்சிட்ட வோல்ட் அளவை நெருங்கும்போது பாதிக்கும் கீழே இறங்குவது அரிதன்று. மீட்டர் நேர்திசை மின்னழுத்தம் இன்றி அளப்பதால் முழு மதிப்பைக் காட்டுகிறது. சி0ஜி என்ற இன்னொரு செராமிக் வகையில் இந்தக் குறை இல்லை. நேரத்தையோ அதிர்வெண்ணையோ தீர்மானிக்கும் இடங்களில் அதையோ பிலிம் வகையையோ பயன்படுத்துங்கள்.

100 மைக்ரோ இருக்கும்போது பக்கத்தில் 0.1 மைக்ரோ எதற்கு?

கூட்டிப் பார்த்தால் 100.1 ஆகிறது, பயனற்றதாகத் தோன்றும். ஆனால் எந்த மின்தேக்கியின் கால்களிலும் உட்சுருளிலும் சிறிது மின்தூண்டல் உண்டு. பெரிய எலக்ட்ரோலைட்டிக் மெகாஹெர்ட்ஸ் அளவில் மின்தேக்கியாக நடந்துகொள்வதை நிறுத்தி, மின்தூண்டியாக மாறிவிடும். ஐசி நானோநொடிகளில் இழுக்கும் மின்னோட்டத்தை, அதன் காலருகே பொருத்திய சிறிய செராமிக்தான் தர முடியும். தொலைவில் பொருத்தினால் கம்பியின் மின்தூண்டலே அதன் பயனைக் கெடுத்துவிடும்.

பிளக்கில் செருகினால் கரண்ட் பில் குறையும் என்று விற்கும் பெட்டி வேலை செய்யுமா?

அவற்றுள் பொதுவாக இருப்பது ஒரு மின்தேக்கி. மோட்டார் போன்ற சுமைகளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கும், மின்தேக்கியில் முந்தும், இரண்டும் சேர்ந்தால் கம்பியில் வரும் மொத்த மின்னோட்டம் குறையும், அந்த மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்கிறது என்பதைக் காட்டும் திறன் காரணி உயரும். இது உண்மை. தொழிற்சாலைகள் பெரிய மின்தேக்கிகளைப் பொருத்துவதும், திறன் காரணி குறைந்தால் அவற்றுக்குக் கூடுதல் கட்டணம் விதிக்கப்படுவதும் இதனால்தான். வீட்டு மீட்டரோ உண்மையில் செலவான ஆற்றலை, அதாவது யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது. ரெகுலேட்டர் பற்றிய பதிலில் சொன்னபடி மின்தேக்கி எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதால் யூனிட் மாறாது. அந்தப் பணத்தைப் பழைய விளக்குகளை மாற்றச் செலவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்றாலும் டெஸ்டர் எரிகிறதே, சுற்று எப்படி முழுமையாகிறது?

நீங்கள் ஒரு தகடு, தரை மற்றொரு தகடு, இடையில் ஸ்டூலும் காற்றும் காப்பு. மனித உடலுக்கும் தரைக்கும் இடையே 100 பிக்கோஃபாரட் அளவில் மின்தேக்குத்திறன் உண்டு. 50 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு சுமார் 32 மெகாஓம். 230 வோல்ட்டில் 7 மைக்ரோஆம்பியர் ஓடும். உடல் அதை உணராது, ஆனால் டெஸ்டரின் நியான் விளக்கு மங்கலாக ஒளிர அது போதும்.

இதே காரணத்தால்தான் ஸ்விட்சை அணைத்த பிறகும் சில எல்இடி விளக்குகள் இருட்டில் மினுங்குகின்றன. ஒரே குழாய்க்குள் அருகருகே ஓடும் இரு கம்பிகளுக்கு இடையே பத்து மீட்டருக்குச் சில நூறு பிக்கோஃபாரட் சேர்ந்துவிடுகிறது. மின்சாரம் உள்ள கம்பியிலிருந்து அணைத்த கம்பிக்கு அதன் வழியே மின்னோட்டம் கசிகிறது. எங்கும் இணைக்காத கம்பியில் டிஜிட்டல் மீட்டர் 60, 80 வோல்ட் என்று காட்டுவதும் இதுதான்: மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் என்பதால் இந்தச் சிறு மின்னோட்டமே அங்கே பெரிய மின்னழுத்தமாகத் தெரிகிறது. ஆகவே டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்துக் கம்பியில் முழு மின்சாரம் இருப்பதாகவும் முடிவு செய்ய முடியாது. எரியாததை வைத்து அது இல்லை என்று எண்ணித் தொடவும் கூடாது. மெயின் ஸ்விட்சை அணைத்து, வேலை செய்வதாகத் தெரிந்த மீட்டரால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள்.